“வெறும் தியறிதானே!”

கொஞ்சம் நீளமான பதிவு. விஞ்ஞானம் படிப்பிக்கின்றவர்களும், பிள்ளைகளை விஞ்ஞானம் படிக்க அனுப்புகின்ற பெற்றோரும் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பேஸ்புக்கில் கூர்ப்பைப் பற்றி யாராவது எழுதினால் கீழே வரும் முதலாவது கொமெண்ட் என்னவாக இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்: “அது வெறும் தியறிதானே, இன்னும் நிரூபிக்கப்படல்லையே.” காலநிலை மாற்றம் பற்றி எழுதினாலும் அதே பதில். தடுப்பூசி பற்றி எழுதினாலும் அதே. எழுதுகின்றவர்கள் படிக்காதவர்கள் அல்ல. பட்டதாரிகள், அரச உத்தியோகத்தர்கள், சில வேளை நம்மைப் போன்ற ஆசிரியர்கள். வகுப்பறையிலும் பிள்ளைகள் இதையே கேட்கிறார்கள்: “சேர், இது கொள்கைதானே, உண்மை எண்டு சொல்லேலாதானே?”

“வெறும் தியறி” என்பது ஒரு வாதமே இல்லை என்பது என் கருத்து. ஒரே உச்சரிப்பில் இருக்கும் இரண்டு வேறு சொற்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருகின்ற வசனம் அது. அந்தக் குழப்பம் பரீட்சையில் இரண்டு புள்ளியை மட்டும் குறைப்பதில்லை. ஒரு சமூகமாக நாம் அதற்குக் கொடுத்த விலை பெரியது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சொல்லைப் பார்ப்போம்.

தியறி என்ற சொல்லை நாங்கள் அன்றாடம் மூன்று விதமாகப் பாவிக்கிறோம்.

முதலாவது, ஊகம். “ஏன் இண்டைக்குக் கரண்ட் போச்சு?” என்று கேட்டால், “என்ட தியறி என்னெண்டா...” என்று தேநீர்க்கடையில் ஒருவர் ஆரம்பிப்பார். அவர் மின்கம்பத்தைப் பார்த்ததுமில்லை, மின்சார சபைக்கு அழைத்துக் கேட்டதுமில்லை. மனதில் தோன்றியதைச் சொல்கிறார். பிழையில்லை, பேச்சு அப்படித்தான். யூடியூப்பில் வரும் “சதிக் கோட்பாடு”களும் இந்த வகைதான்.

இரண்டாவது, ஏட்டுச் சுரைக்காய். உயர்தரப் பிள்ளைகளைக் கேளுங்கள்: தியறி கிளாஸ் வேறு, பேப்பர் கிளாஸ் வேறு, பிரக்டிகல் வேறு. “தியறிக்குச் சரி, நடைமுறைக்குச் சரிவராது” என்று பெரியவர்களும் சொல்வார்கள். இங்கே தியறி என்றால் புத்தகத்தில் மட்டும் இருப்பது, வயலில் இறங்காதது.

மூன்றாவதுதான் தமிழில் படிக்கின்ற நமக்கே உரிய சிக்கல். நமது பாடநூல்கள் தியறியைக் “கொள்கை” என்று எழுதுகின்றன. அணுக்கொள்கை, கலக்கொள்கை, சார்புக் கொள்கை, கூர்ப்புக் கொள்கை. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் “கோட்பாடு” என்று இருக்கும். நமக்குக் கொள்கை. ஆனால் அந்தச் சொல் பாடசாலை மதிலுக்கு வெளியே என்னென்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். கட்சிக்குக் கொள்கை இருக்கிறது. அரசாங்கத்துக்குக் கல்விக் கொள்கை இருக்கிறது. “அவர் கொள்கைக்காரர், காசு வாங்கமாட்டார்” என்கிறோம். நமது ஊர்களில் ஒரு பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் இன்னொரு பள்ளிவாசல் ஏன் கட்டப்பட்டது என்று கேட்டால், “அவங்கட கொள்கை வேற” என்று ஒரே வரியில் பதில் வரும்.

ஆக, கொள்கை என்றால் ஒருவர் கொண்டிருப்பது. பிடித்துக்கொண்டிருப்பது. உனக்கு உன் கொள்கை, எனக்கு என் கொள்கை. இந்த அர்த்தத்தோடு வளர்ந்த ஒரு பிள்ளை விஞ்ஞானப் புத்தகத்தைத் திறந்து “டார்வினின் கொள்கை” என்று வாசிக்கும்போது என்ன நினைக்கும்? டார்வின் என்று ஒரு வெள்ளைக்காரர் இருந்தார், அவருக்கு ஒரு கொள்கை இருந்தது, நமக்கு வேறு கொள்கை. விஷயம் முடிந்தது. ஆங்கிலத்தில் படிக்கிற பிள்ளை தியறியை ஊகம் என்று பிழையாக விளங்கும். தமிழில் படிக்கிற பிள்ளை அதைக் கட்சி என்று பிழையாக விளங்கும். இரண்டாவது கொஞ்சம் கூடுதல் ஆபத்தானது. ஊகத்தைச் சோதித்துப் பார்க்கலாம் என்றாவது தோன்றும். கட்சியைச் சோதிப்பதில்லை, ஒன்றில் சேர்வோம் அல்லது எதிர்ப்போம்.

விஞ்ஞானத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? அரபியில் தியறியை “நழரிய்யா” என்பார்கள். “நழர்” என்றால் பார்வை. கிரேக்க மூலமான “தியோரியா”வும் பார்ப்பது என்பதிலிருந்து வந்ததுதான். இது நல்ல திறவுகோல். தனித்தனியாகச் சிதறிக் கிடக்கின்ற ஆயிரம் அவதானங்களை ஒரே பார்வையில் சேர்த்துக் காட்டி, அவை ஏன் அப்படி இருக்கின்றன என்று விளக்கி, இனி என்ன நடக்கும் என்றும் முன்கூட்டிச் சொல்லி, அந்த முன்கூற்றுகளில் திரும்பத் திரும்பப் பரீட்சிக்கப்பட்டு நிற்கின்ற விளக்கம்தான் விஞ்ஞானக் கொள்கை. ஊகத்துக்கு விஞ்ஞானத்தில் வேறு பெயர் இருக்கிறது: கருதுகோள். அதுவும் சும்மா ஊகமல்ல. சோதித்துப் பார்க்கக்கூடிய ஊகம்.

இங்கே இன்னொரு பழைய பிழையையும் சொல்லவேண்டும். கருதுகோள் நிரூபிக்கப்பட்டால் கொள்கையாகும், கொள்கை நிரூபிக்கப்பட்டால் விதியாகும் என்று ஏணிப்படி போலக் கரும்பலகையில் வரைகின்ற வழக்கம் இருக்கிறது. அந்த ஏணி பிழையானது. விதியும் கொள்கையும் மேல்படி, கீழ்ப்படி அல்ல. அவை இரண்டு வேறு தொழில் செய்கின்றன.

போயிலின் விதியை எடுங்கள். வெப்பநிலை மாறாதிருக்கும்போது ஒரு வாயுவின் அமுக்கத்தை இரண்டு மடங்காக்கினால் கனவளவு பாதியாகும். 1662 இல் போயில் இதை வெளியிட்டார். சைக்கிள் பம்பின் வாயை விரலால் மூடிக்கொண்டு அமுக்கிப் பார்த்தால் பிள்ளைக்கே விளங்கும். விதி என்ன நடக்கிறது என்று சொல்கிறது. ஏன் நடக்கிறது என்று சொல்வதில்லை. வாயு என்பது ஓயாமல் ஓடி, கொள்கலத்தின் சுவரில் மோதிக்கொண்டிருக்கும் கோடானுகோடி நுண்ணிய துணிக்கைகள். இடத்தைப் பாதியாகக் குறைத்தால் அதே துணிக்கைகள் சுவரில் இரு மடங்கு அடிக்கடி மோதும். அதனால்தான் அமுக்கம் கூடுகிறது. ஏன் என்று சொல்கின்ற இந்த விளக்கம்தான் கொள்கை. அது ஒருநாளும் பதவியுயர்வு பெற்று விதியாகப் போவதில்லை. போகவேண்டிய தேவையும் இல்லை. அணுக்கொள்கை இன்றும் கொள்கைதான். அதற்காக அணு இல்லை என்று யாராவது சொல்கிறோமா?

இப்போது இரண்டாவது அர்த்தத்துக்கு வருவோம். தியறி நடைமுறைக்கு உதவாது என்ற பேச்சு. கிழக்குக் கரையில் வாழ்கின்ற ஒருவர் அப்படிச் சொல்லக்கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

1912 இல் ஜேர்மனியைச் சேர்ந்த அல்பிரட் வெகனர் என்ற வானிலை ஆய்வாளர், கண்டங்கள் எல்லாம் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்து பிறகு விலகிச் சென்றன என்றார். தென்னமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆபிரிக்காவின் மேற்குக் கரையும் உடைந்த பீங்கானின் இரண்டு துண்டுகள் போலப் பொருந்துகின்றன. பெருங்கடலுக்கு இரு பக்கமும் ஒரே தாவரத்தின், ஒரே விலங்கின் சுவடுகள் கிடைக்கின்றன. ஆனால் கண்டங்களைத் தள்ளுகின்ற விசை எது என்று கேட்டபோது அவரிடம் சரியான பதில் இருக்கவில்லை. அவர் சொன்ன விசைகள் கணக்குப் போட்டுப் பார்த்தபோது மிகவும் சிறியவை. பெரும்பாலான புவியியல் அறிஞர்கள் ஏற்கவில்லை. வெகனர் 1930 இல் கிறீன்லாந்தின் பனியில் உயிரிழந்தார். அவருடைய கருத்து அப்போதும் ஒரு கருதுகோள் என்ற நிலையில்தான் இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கடலின் அடித்தரையை அளந்து வரைபடம் வரைந்தார்கள். கடலுக்கடியில் நீண்ட மலைத்தொடர்கள் தெரிந்தன. அவற்றின் இரு பக்கமும் பாறைகளின் காந்தத் திசை வரிவரியாக மாறி மாறி, கண்ணாடியில் தெரியும் விம்பம் போல ஒரே ஒழுங்கில் இருந்தது. நடுவில் புதிய தரை உருவாகி இரு பக்கமும் விலகிச் செல்கிறது என்றால் மட்டுமே அது அப்படி இருக்கமுடியும். 1963 இல் இந்த விளக்கம் வெளிவந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் புவித்தகட்டுக் கொள்கை உருவாகிவிட்டது. இன்று செய்மதிகளைக் கொண்டு தகடுகளின் நகர்வை வருடத்துக்கு எத்தனை சென்ரிமீற்றர் என்று நேரடியாகவே அளக்கிறார்கள். விரலில் நகம் வளரும் வேகம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு.

வெகனர் மறுக்கப்பட்டதும் நியாயம், அவருடைய கருத்து பிறகு ஏற்கப்பட்டதும் நியாயம். சான்று வரும்வரை காத்திருந்தார்கள், வந்ததும் மாறினார்கள். கட்சி அப்படி மாறுவதில்லை.

2004 டிசம்பர் 26. சுமாத்திராவுக்கு அப்பால் ஒரு தகடு இன்னொரு தகட்டுக்குக் கீழே நழுவியது. 9.1 அளவான நிலநடுக்கம். 1,000 கிலோமீற்றருக்கும் நீளமான பிளவில் கடல்தரை மேலெழும்பி, மேலிருந்த தண்ணீரைத் தூக்கிவிட்டது. அந்தத் தண்ணீர் நமது கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. இரண்டு மணித்தியாலம்! கல்முனையில் இருந்து அம்பாறைக்குப் போய்ச் சேர அதில் பாதி நேரம் போதும். ஆனாலும் நமது நாட்டில் 30,000 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். கொள்கை இருந்தது. அது புத்தகத்தில் இருந்தது. இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை முறை இருக்கவில்லை. கடல் பின்வாங்கியபோது நம் பிள்ளைகள் மீன் பொறுக்க ஓடினார்கள். கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடவேண்டும் என்ற ஒரு வரியை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

பிறகு 2012 ஏப்ரல் 11. பிற்பகல் 2 மணி கடந்து சற்று நேரத்தில் அதே சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவான நிலநடுக்கம். கரையோரத்தில் இருந்தவர்களுக்கு அந்த நாள் மறக்காது. எச்சரிக்கை வந்தது. எல்லோரும் உள்ளூருக்கு ஓடினோம். சில மணித்தியாலங்களில் ஆபத்து இல்லை என்று அறிவித்தார்கள். “பார்த்தீங்களா, சும்மா பயங்காட்டிட்டாங்க” என்று பலர் அன்று பேசினார்கள். உண்மையில் அன்று ஏன் சுனாமி வரவில்லை? அதே கொள்கைதான் அதற்கும் பதில் சொல்கிறது. 2004 இல் தரை செங்குத்தாக எழும்பியது. 2012 இல் பாறைகள் கிடையாக, ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தன. தண்ணீர் பெரிதாகத் தூக்கப்படவில்லை. அலை வரும் நாளையும் வராத நாளையும் ஒரே விளக்கம் விளக்குகிறது. இதைத்தான் தியறி என்கிறோம். இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. இதை நம்பித்தான் இன்றைக்கும் கரையோரத்தில் குழந்தைகளோடு நித்திரைக்குப் போகிறோம்.

அடுத்ததாக வரும் கேள்வி இது: “கொள்கைகள் மாறுகின்றனவே. மாறுவதை எப்படி நம்புவது?”

மாறுகின்றன, உண்மைதான். மலேரியா என்ற சொல்லே அதற்குச் சாட்சி. இத்தாலிய மொழியில் அதன் அர்த்தம் கெட்ட காற்று. சதுப்பு நிலத்தின் துர்நாற்றம்தான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று பல நூற்றாண்டுகளாக மருத்துவர்கள் நம்பினார்கள். 1897 இல் ரொனால்ட் ரொஸ் இந்தியாவில் வேலை செய்துகொண்டிருந்தபோது நுளம்பின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். கெட்ட காற்று போய்விட்டது, நுளம்பு வந்தது. நமது நாட்டில் 1934, 35 இல் மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளிகள்தான். போய்விட்டது என்று கவனத்தைக் குறைத்தார்கள், ஐந்தாறு வருடத்தில் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. மறுபடி விடாமல் உழைத்து, 2016 இல் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் சான்றிதழைப் பெற்றோம். கெட்ட காற்று என்ற கருத்திலேயே நின்றிருந்தால் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்திருப்போம். மாற்றம் பலவீனமல்ல, அதுதான் பலம்.

எல்லா மாற்றமும் ஒரே மாதிரியானதும் அல்ல. கெட்ட காற்று முற்றாகக் கைவிடப்பட்டது. நியூற்றனின் ஈர்ப்பு அப்படிக் கைவிடப்படவில்லை. புதன் கிரகத்தின் பாதையில் நியூற்றனின் விதியால் விளக்கமுடியாத ஒரு சிறிய விலகல் இருந்தது. 1915 இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கொள்கை அதை விளக்கியது. விதியில் இருந்த குறையைக் கொள்கை திருத்தியது. மேலே சொன்ன ஏணி தலைகீழாகிவிட்டதைக் கவனியுங்கள். ஆனாலும் பாலம் கட்டவும் ரொக்கட் விடவும் நியூற்றன் இன்றும் போதும். உங்கள் கைத்தொலைபேசியில் வழிகாட்டும் வரைபடத்துக்கு மட்டும் போதாது. அதற்குத் தகவல் அனுப்பும் செய்மதிகளின் கடிகாரங்கள் நிலத்திலுள்ள கடிகாரங்களைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ செக்கன் முந்தி ஓடும். சார்புக் கொள்கையின்படி அதைச் சரிசெய்யாவிட்டால் வரைபடம் ஒரே நாளில் உங்களைக் கிலோமீற்றர் கணக்கில் தள்ளிக் காட்டும். “வெறும் தியறி” என்று கொமெண்ட் எழுதுகிற தொலைபேசிக்குள்ளேயே தியறி உட்கார்ந்திருக்கிறது.

இனி, எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு வருகிறேன். கூர்ப்பு.

நம்மில் பலரிடம் ஒரு விசித்திரத்தைக் காண்கிறேன். பெரு வெடிப்பைப் பற்றிப் பேசும்போது முகம் மலர்கிறது. வேதத்தில் அன்றே சொல்லப்பட்டது, இன்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்கிறோம். அடுத்த நிமிடம் கூர்ப்பைப் பற்றிக் கேட்டால், வெறும் தியறி என்கிறோம். பெரு வெடிப்பும் தியறிதான் சகோதரர்களே. இரண்டும் ஒரே சொல்லைத்தான் பெயரில் சுமந்திருக்கின்றன. பிடித்த இடத்தில் “நிரூபிக்கப்பட்ட விஞ்ஞானம்”, பிடிக்காத இடத்தில் “வெறும் தியறி” என்று ஒரே சொல்லை இரண்டு தராசில் நிறுப்பது நேர்மையல்ல. அளவையில் நேர்மை வேண்டும் என்பது நமக்குப் புதிய பாடமும் அல்ல.

மனிதனின் படைப்பைப் பற்றி ஒருவருக்கு நம்பிக்கை சார்ந்த கேள்விகள் இருக்கலாம். அது கௌரவமான கேள்வி. உலமாக்களோடும் அறிஞர்களோடும் இருந்து பேசவேண்டிய விடயம். முஸ்லிம் அறிஞர்களுக்கிடையிலும் இதில் ஒரே கருத்து இல்லை. அதைத் தீர்த்துவைக்க நான் இங்கே வரவில்லை. நான் சொல்வது மிகச் சிறிய விடயம்: “அது வெறும் தியறி” என்பது அந்தக் கேள்விக்கான பதில் அல்ல. கூர்ப்புக் கொள்கைக்குப் பின்னால் சுவடுகள் இருக்கின்றன, டீ.என்.ஏ. ஒப்பீடுகள் இருக்கின்றன, நம் கண்முன்னே அன்டிபயோட்டிக்குக்கு அடங்காமல் பெருகுகின்ற பற்றீரியாக்கள் இருக்கின்றன. தேவையில்லாமல் அன்டிபயோட்டிக் குடிக்காதீர்கள் என்று வைத்தியர் சொல்வதற்குக் காரணமே, தப்பிப் பிழைக்கும் பற்றீரியாக்கள் தங்கள் இனத்தைப் பெருக்கிவிடும் என்பதுதான். மறுக்க விரும்புகிறவர் இந்தச் சான்றுகளோடு மோதவேண்டும். சொல்லின் பின்னால் ஒளியக்கூடாது.

நமது முன்னோர் அப்படி ஒளியவில்லை. இப்னுல் ஹைத்தம் தமது காலத்துக்கு 800, 900 வருடங்களுக்கு முந்திய தொலமியை மதித்தார், படித்தார். பிறகு அவருடைய நூல்களில் எங்கெல்லாம் முரண் இருக்கிறது என்று தேடி ஒரு தனி நூலே எழுதினார். தொலமிக்கு ஏற்பட்ட சந்தேகங்கள் அல்ல, தொலமியின் மேல் எழும் சந்தேகங்கள். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்க்கிறோம் என்ற பழைய கருத்தை, இருட்டறையில் விளக்குகளை வைத்துச் சோதனை செய்து, ஒளிதான் கண்ணுக்குள் வருகிறது என்று மாற்றி நிறுத்தினார். அவர் “அது வெறும் தொலமியின் கொள்கை” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போயிருந்தால் இன்று அவர் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது.

இனி, ஆரம்பத்தில் சொன்ன அந்த விலை.

2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் கறியில் கட்டி ஒன்று கிடந்தது. சிங்கள மக்களை மலடாக்கும் மாத்திரை என்றார்கள். அந்த இரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது மாவுக்கட்டி. அப்படியொரு மாத்திரை உலகத்தில் எங்காவது இருக்கிறதா என்று அந்த இரவில் யாராவது கேட்டிருந்தால் போதும்.

2020 இல் கொவிட் வந்தது. ஜனாஸாக்களை அடக்கினால் நிலத்தடி நீர் வழியாக வைரசு பரவும் என்றார்கள். ஏப்ரலில் வர்த்தமானி வந்தது, எரிப்பது கட்டாயமானது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல் அதற்கு முன்பே சொல்லியிருந்தது. உலகின் எத்தனையோ நாடுகள் அடக்கிக்கொண்டிருந்தன. வைரசு பெருகுவதற்கு உயிருள்ள கலம் வேண்டும் என்று நாங்கள் பாடசாலையிலேயே படிப்பிக்கிறோம். நிலத்தடி நீர் பற்றிய பேச்சு கொள்கையல்ல. சோதிக்கப்பட்ட கருதுகோளும் அல்ல. நிபுணரின் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த ஓர் ஊகம். அந்த ஊகத்துக்காகப் பிறந்து 20 நாட்களேயான குழந்தையும் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு வருடத்துக்குப் பிறகுதான் ஓட்டமாவடி, மஜ்மா நகரில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. எரிக்கப்பட்டவர்கள் திரும்பி வரவில்லை.

அந்த நாட்களில் நாம் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டோம்: “ஆதாரம் எங்கே? எந்த ஆய்வு? யார் சோதித்தது?” சரியான கேள்வி. ஒரு விஞ்ஞான ஆசிரியனாக எனக்கு அந்தக் கேள்வியில் பெருமை இருந்தது.

சில மாதங்கள் கழித்துத் தடுப்பூசி வந்தது. அப்போது நமது வட்ஸ்அப் குழுமங்களில் என்ன ஓடியது என்று ஞாபகமிருக்கிறதா? ஊசி போட்டால் பிள்ளை பெறமுடியாது. ஊசிக்குள் சிப் இருக்கிறது. அம்பாறையில் நம் மேல் எறியப்பட்ட அதே மலட்டுக் கதையை எடுத்து, வேறு தாளில் சுற்றி, நாமே நமது உம்மா வாப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். அப்போது ஆதாரம் எங்கே என்று எத்தனை பேர் கேட்டோம்? ஊசிக்குப் பின்னால் இருந்தது வெறும் தியறி, ஊசிக்கு எதிராக இருந்ததுதான் உண்மை என்று எத்தனை வீடுகளில் முடிவெடுக்கப்பட்டது?

இதுதான் விலை. ஊகத்துக்கும் கொள்கைக்கும் வித்தியாசம் தெரியாத சமூகத்தில் ஊகம் அதிகாரத்தோடு வரும்போது ஜனாஸா எரிகிறது. பாசத்தோடு வரும்போது வாப்பா ஊசி போடாமல் இருந்துவிடுகிறார். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். நமக்கு எதிராக வரும் ஊகத்திடம் கேட்கின்ற அதே கேள்வியை நமக்குப் பிடித்த ஊகத்திடமும் கேட்கப் பழகுவது.

எங்கே பழகுவது? வகுப்பறையில்தான். ஆசிரியர் கலாசாலையில் நமக்குக் கொள்கையின் வரைவிலக்கணம் தந்தார்கள். பிள்ளைகளுக்கும் நாம் வரைவிலக்கணமே கொடுக்கிறோம். அதற்குப் பதிலாக நான் செய்கின்ற ஒரு வேலையைச் சொல்கிறேன். செலவில்லை. ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் ஒரு மாபிளும் ஒரு இறப்பர் துண்டும் ஓர் இரும்பு ஆணியும் போட்டு, மூடியை டேப்பால் நன்றாகச் சுற்றிவிடுங்கள். குழுவுக்கு ஒன்று கொடுங்கள். திறக்கக்கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லவேண்டும்.

முதலில் சத்தம் போட்டு ஊகிப்பார்கள். பிறகு சரித்துப் பார்ப்பார்கள். “உருளுது சேர்” என்பார்கள். காந்தம் கேட்பார்கள், கொடுங்கள். தராசு கேட்பார்கள், கொடுங்கள். வெறும் டின் ஒன்று கேட்கிற பிள்ளை வந்தால் அந்தப் பிள்ளையைக் கவனித்துக்கொள்ளுங்கள். அது தன் ஊகத்தை அதே பொருட்களைப் போட்டுச் சோதித்துப் பார்க்கப் போகிறது. கடைசியில் ஒவ்வொரு குழுவும் தன் விளக்கத்தை எழுதி, “இது சரியென்றால் இப்படிச் செய்தால் இப்படி நடக்கவேண்டும்” என்று ஒரு முன்கூற்றையும் எழுதவேண்டும். மற்றக் குழு அதைச் சோதிக்கும்.

மணி அடித்ததும் எல்லோரும் திறந்து காட்டச் சொல்வார்கள். திறக்காதீர்கள். அணுவை யாரும் திறந்து காட்டவில்லை. பூமியின் மையத்துக்கு யாரும் போய்வரவில்லை. திறக்கமுடியாத டின்களைப் பற்றித்தான் விஞ்ஞானம் கொள்கை எழுதுகிறது. ஆனாலும் எல்லா விடையும் சமமல்ல என்பது அந்தப் பிள்ளைகளுக்கு அன்றே விளங்கிவிடும். காந்தம் இழுத்த பிறகும் உள்ளே இரும்பே இல்லை என்று சொல்லும் குழுவை அவர்களே விடமாட்டார்கள். “அது எங்கட கொள்கை” என்ற பதில் அந்த மேசையில் எடுபடாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை வீட்டில் வந்து சங்கடமான கேள்வி கேட்டால், “பரீட்சைக்கு மட்டும் எழுது, மனசில எடுக்காத” என்று சொல்லாதீர்கள். எழுதுவது ஒன்று, நினைப்பது ஒன்று என்று பழகும் பிள்ளை விஞ்ஞானத்தில் மட்டும் அப்படிப் பழகுவதில்லை. “அதற்கு அவர்கள் என்ன ஆதாரம் சொல்கிறார்கள்?” என்று கேளுங்கள். தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கு: கொள்கை என்ற சொல்லை நம்மால் மாற்றமுடியாது. அது பாடத்திட்டத்தில் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் கலக்கொள்கை என்று கரும்பலகையில் முதன்முதலாக எழுதுகின்ற அன்று ஒரு 5 நிமிடம் ஒதுக்குங்கள். கட்சியின் கொள்கை வேறு, பள்ளிவாசலின் கொள்கை வேறு, இது வேறு என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள். இதை உங்கள் வகுப்பில் வேறு விதமாக விளங்கப்படுத்துகின்றவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். அடுத்த தவணைக்கு எனக்கும் உதவும்.